ஓய்வு நிலையையும் எழுதுவோம்!

வேலை செய்யும்போது ஒருவன் எப்படி நடந்துகொள்கிறான் என்று பார்க்கும் நாம், அவன் ஓய்ந்திருக்கும்போது என்ன செய்கிறான் என்று பார்ப்பதில்லை. கருவிகளிடத்தும் இதே தவற்றைச் செய்கிறோம். அதற்கு நான் கொடுத்த விலை ஒரு மோட்டார்!

பொத்தேரியில் எங்கள் வீட்டு மாடித் தொட்டிக்குத் தானாக நீரேற்ற, 'ராஸ்பெரி பை' என்னும் சிறு கணிப்பொறியைக் கொண்டு ஒரு கருவி செய்தேன். ஓர் இரவு மின்சாரம் போய் வந்தது. நினைவட்டை பழுதானதால் என் நிரல் தொடங்கவேயில்லை. ஆனால் மோட்டார் தொடங்கிவிட்டது! தொட்டி வழிந்து, சம்ப் வற்றி, விடிவதற்குள் காயில் கருகிவிட்டது. காயில் கட்ட வந்தவர் கேட்டார்: "தம்பி, கரண்ட் வந்ததும் ஓடாதேன்னு அதுகிட்ட சொல்லி வெச்சிருந்தீங்களா?"

சொல்லவில்லை என்பதே உண்மை. அக்கணிப்பொறியில் மின்சாரம் வந்தவுடன் 0 முதல் 8 வரை எண்ணுள்ள கால்கள் உயர்நிலைக்கும், 9 முதல் 27 வரை உள்ளவை தாழ்நிலைக்கும் உள்ளிருந்தே இழுக்கப்படுகின்றன. நான் ரிலேயை இணைத்தது 4-ஆம் காலில். உயர்நிலை வந்தால் மோட்டார் ஓடும்.

ஒரே கால் உள்வாங்கலாம், வெளியிடலாம், வேறு பணிகளையும் ஏற்கலாம். எந்தக் கால் எப்பணிக்கு, எந்நிலையில் என்பதை லினக்ஸுக்குக் கூறுவது 'டிவைஸ் ட்ரீ' என்னும் விவரக் கோப்பு. அதில் இயங்குங்கால் நிலைக்கு 'டிஃபால்ட்' என்றும், உறங்குங்கால் நிலைக்கு 'ஸ்லீப்' என்றும் தனித்தனியே பெயரிட்டு எழுதலாம். கால்களை இவ்வாறு ஆளும் பகுதியை 2011-இல் லினக்ஸில் சேர்த்தவர் லினஸ் வாலெய். உறக்கத்துக்கும் ஒரு வரி ஒதுக்கிய அந்த முன்யோசனை போற்றத்தக்கது.

எனினும் லினக்ஸ் விழித்தெழுந்த பின்னரே அக்கோப்புக்கு உயிர் உண்டு. அதற்கு முந்திய நொடிகளுக்குக் காவல், காலுக்கும் தரைக்கும் இடையே வைக்கும் 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றே. சில காசுகளே பெறும் அப்பொருள் எங்கள் மோட்டாரைக் காத்திருக்கும்!

நம் செய்முறை ஏடுகளில் நோக்கம், சுற்றுப்படம், நிரல், முடிவு என எல்லாம் எழுதுகிறோம். நிரல் ஓடாவிட்டால் என்ன நிகழும் என்று எழுதுவதுண்டா? 'ஓய்வு நிலை' என்றொரு பகுதியையும் அதில் சேர்க்குமாறு பேராசிரியப் பெருமக்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு பத்தி எழுத இடமிருந்தால் போதும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'சக்தி' சில்லில் 2018-இல் லினக்ஸ் இயங்கியது. நம் மண்ணின் சில்லுகளுக்கு விவரக் கோப்பு எழுதும் பணி நாளை நம்மில் சிலருக்கு வாய்க்கலாம். அன்று, 'என்ன செய்' என்பதோடு 'சும்மா இருக்கும்போது எப்படி இரு' என்றும் எழுதுவோமாக!