ஒருவர் படிக்க, பலர் கேட்க

கோ. நடேசய்யர் 1924ஆம் ஆண்டு ‘தேசபக்தன்’ பத்திரிகையைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளருள் எழுத்தறிந்தோர் சிலரே. ஆதலால், தோட்டங்களில் ஒருவர் படிக்கப் பலர் கேட்பது வழக்கமாயிற்று.

இன்று இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் பத்திரிகை வாங்கும் வீடுகள் அருகி வருவதை நாம் காண்கின்றோம். 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டினால் கொழும்பு நாளிதழ்களான ‘திவயின’, ‘த ஐலண்ட்’ ஆகியவற்றின் சனிக்கிழமை அச்சுப் பதிப்பே தடைப்பட்டது.

கைபேசியில் செய்தி விரைந்து வருகின்றது, அது நன்றே. ஆயினும், அதனை அவரவர் தனியே பார்த்து முடிக்கின்றோம். சம்பளப் பேச்சும் மண்சரிவு எச்சரிக்கையும் எழுத்தறியாத பாட்டியின் செவிக்கு எட்டுவதில்லை.

மாணவர்களே! பத்திரிகையாயினும் கைபேசியாயினும், நாள்தோறும் ஒரு செய்தியையேனும் வீட்டார் கேட்க உரக்கப் படியுங்கள். பத்திரிகை குறைந்தாலும் அந்நல்வழக்கம் நம்மிடையே குறையலாகாது.