பதிவாகாத ஐந்து ஆண்டுகள்

2011இல் பிரிட்டனின் உலோக இசைக் குழுவான அயர்ன் மெய்டன் ஒரு தெரிவுத் தொகுப்பை வெளியிட்டது. 1990 முதல் 2010 வரையிலான அவர்களது சிறந்த பாடல்கள் என்று அதன் அட்டை அறிவித்தது. அந்த இருபது ஆண்டுகளில் ஐந்து ஆண்டுகள் குழுவின் பாடகராக இருந்தவர் ப்ளேஸ் பெய்லி. அவர் காலத்துப் பாடல்கள் மூன்று அத்தொகுப்பில் உண்டு. மூன்றும், அவருக்கு முன்னும் பின்னும் குழுவின் பாடகராக இருந்த ப்ரூஸ் டிக்கின்சன் பிற்பாடு மேடையில் பாடிய பதிவுகள். பெய்லியின் குரல் ஒரு வரியில்கூட இல்லை.

பாடல்களை வைத்துக்கொண்டு பாடியவரை மட்டும் வெளியே நிறுத்தும் இந்த வரலாற்றெழுத்தை ஏற்க முடியாது. அந்த ஐந்து ஆண்டுகளில் நடந்த இரண்டு பெரும் இசைப் பயணங்களை நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளாக அவர்கள் சொல்லிவரும் நினைவுகளுக்கு உரிய இடம் கொடுக்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

1975இல் கிழக்கு லண்டனில் பாஸ் கிதார் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ் தொடங்கிய குழு அயர்ன் மெய்டன். முதல் இரண்டு தொகுப்புகளைப் பாடியவர் பால் டியானோ. 1981இல் அவர் இடத்துக்கு டிக்கின்சன் வந்தார். அடுத்த ஆண்டே 'தி நம்பர் ஆஃப் த பீஸ்ட்' பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதன்பின் அவரை மாற்றுப் பாடகர் என்று எவரும் நினைக்கவில்லை. தனி இசையை நாடி அவர் விலகியபோது, 1993 ஆகஸ்ட் 28ஆம் தேதி பைன்வுட் படப்பிடிப்புத் தளத்தில் நடந்த விடைபெறும் நிகழ்ச்சி படமாக்கப்பட்டது. அந்த ஒரே ஆண்டில் அவரது மேடைப் பதிவுகளாக மூன்று தொகுப்புகள் வெளிவந்தன.

1994இல் பெய்லி வந்தார். இங்கிலாந்தின் டாம்வர்த் நகரத்து உல்ஃப்ஸ்பேன் குழுவின் பாடகர் அவர். 1990இல் மெய்டனின் பிரிட்டன் பயணத்தில் அக்குழு முன்நிகழ்ச்சி வழங்கியிருந்தது. ஆகவே, அவர் ஏற வேண்டிய மேடை எவ்வளவு பெரியது என்பது அவருக்குத் தெரியாததல்ல.

அவரைப் பற்றிய குறைகளில் பெரும்பகுதி ஒரே இடத்திலிருந்து பிறக்கிறது: சுருதி. டிக்கின்சன் உச்சத்தில் நின்று நெடுநேரம் நீட்டிப் பாடுபவர். பெய்லியின் குரல் கீழ்த்தளத்தில், இருண்ட கனத்தோடு இயங்குவது. கர்நாடக இசையில் பாடகரின் கட்டைக்கு ஏற்பத் தம்புரா சுருதி சேர்க்கப்படும். பக்கவாத்தியங்கள் அதற்கு இணங்கும். ராக் இசையிலும் பாடகர் மாறும்போது கிதார்களை அரைச் சுரமோ ஒரு சுரமோ இறக்கிக்கொள்ளும் குழுக்கள் உண்டு. மெய்டன் அப்படிச் செய்யவில்லை. டிக்கின்சனின் குரலை மனத்தில் வைத்து எண்பதுகளில் கட்டிய பாடல்களைப் பழைய சுருதியிலேயே இரவுதோறும் பெய்லி பாட வேண்டியிருந்தது. 'ஹாலோவ்ட் பி தை நேம்', 'தி ட்ரூப்பர்' போன்ற பாடல்களில் அவர் திணறியது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. அந்தத் திணறலின் காரணத்தையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

அவருக்காகவே எழுதப்பட்ட பாடல்கள் வேறு கதை. 1995 அக்டோபரில் வந்த 'தி எக்ஸ் ஃபேக்டர்' மெய்டனின் மிக இருண்ட தொகுப்பு. ஹாரிஸின் மணவாழ்க்கை முறிந்த காலம் அது. போர்க்களத்திலிருந்து திரும்பியவனின் மனச்சிதைவு, உலகின் கைகளில் படிந்த இரத்தம், நம்பிக்கையை இழக்கும் ஒருவனின் மரணபயம் என்று பாடல்கள் ஒரே இருட்டுக்குள் நகர்கின்றன. பதினொரு நிமிடம் நீளும் 'சைன் ஆஃப் த கிராஸ்' துறவிகளின் கூட்டுப் பாராயணம்போல அடங்கிய குரல்களில் தொடங்கி மெல்ல மெல்ல எழுகிறது. வெற்றி முழக்கம் செய்யும் குரல் அந்தத் தொகுப்பைக் கெடுத்திருக்கும். உடைந்த மனிதனின் குரல் தேவைப்பட்டது; அதைப் பெய்லி கொடுத்தார். விற்பனைப் பட்டியலில் தொகுப்பு எட்டாவது இடத்தோடு நின்றது. அதற்கு முந்தைய ஸ்டுடியோத் தொகுப்பு முதலிடம் பெற்றிருந்ததால் இதைச் சரிவு என்றே எழுதினார்கள். அமெரிக்காவில் கிரஞ்ச் இசை எழுந்து பழைய உலோக இசைக் குழுக்கள் பலவற்றின் சந்தை சுருங்கியிருந்த ஆண்டுகள் அவை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தொகுப்பு கடைக்கு வருவதற்குச் சில நாட்கள் முன்பே, 1995 செப்டம்பர் இறுதியில், ஜெருசலேமில் பயணம் தொடங்கியது. தென்னாப்பிரிக்கா, பல்கேரியா, ருமேனியா என்று குழு அதுவரை கால்வைக்காத நாடுகளுக்கு அது சென்றது. நிறவெறி ஆட்சி முடிந்து முதல் பொதுத்தேர்தல் நடந்து ஓராண்டு கடந்திருந்த தென்னாப்பிரிக்காவை நினைத்துப் பாருங்கள். உலகின் பண்பாட்டுப் புறக்கணிப்பால் வெளிநாட்டுக் குழுக்கள் பெரும்பாலும் எட்டிப்பார்க்காத நாட்டில் வளர்ந்த ஒரு தலைமுறை, ஒலிநாடாவில் மட்டும் அறிந்திருந்த மெய்டனை முதன்முதலாகத் தன் ஊர் மேடையில் பார்க்கிறது. மேடையில் நின்று அவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தியவர் பெய்லி. கம்யூனிச ஆட்சிக்குப் பிந்தைய சோஃபியாவிலும் புக்கரெஸ்டிலும் இதுவே நடந்தது. யாரோ ஒருவர் இடத்தில் வந்து நிற்பவராக அவரைப் பார்க்க அந்த ரசிகர்களுக்கு நியாயமில்லை. அவர்கள் கண்ட முதல் மெய்டன் பாடகர் அவர்தான். லண்டனையும் நியூயார்க்கையும் நடுவில் வைத்து எழுதும் வரலாறு இவர்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

1996இல் அமெரிக்காவுக்குச் சென்றபோது நிலைமை தலைகீழாக இருந்தது. எண்பதுகளில் பெரும் உள்ளரங்குகளை நிரப்பிய குழு, இம்முறை மன்றங்களிலும் சிறு அரங்குகளிலும் வாசித்தது. பத்திரிகைகள் அதை வீழ்ச்சி என்று குறித்தன. அங்கே இருந்த ரசிகர்களைக் கேட்டால் வேறு சொல்கிறார்கள். தொலைநோக்கியில் பார்க்கும் தூரத்தில் இருந்தவர்களைக் கை நீட்டினால் தொடும் தூரத்தில் பார்த்ததையும், ஹாரிஸின் பாஸ் அதிர்வு நெஞ்செலும்பில் இறங்கியதையும், 'அஃப்ரெய்ட் டு ஷூட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' பாடலின் மெதுவான தொடக்கத்தில் பெய்லியின் கனத்த குரல் அரங்கை அமைதிப்படுத்தியதையும் சொல்கிறார்கள். வளைகுடாப் போரை வைத்து 1992இல் டிக்கின்சனுக்காக எழுதப்பட்ட அந்தப் பாடல் பெய்லிக்கே கூடுதலாகப் பொருந்தியது என்று கருதுவோர் பலர். சில இரவுகளில் அவர் குரல் அடைத்து நிகழ்ச்சிகள் ரத்தானதையும், நுழைவுச்சீட்டோடு திரும்பி நடந்ததையும் அதே ரசிகர்கள் மறைக்காமல் சொல்கிறார்கள். நேசம் இருப்பதால்தான் இரண்டையும் சொல்ல முடிகிறது.

1998இல் 'விர்ச்சுவல் லெவன்' வந்தது. அது உலகக் கோப்பைக் கால்பந்து ஆண்டு. கால்பந்துப் பித்தரான ஹாரிஸின் குழு பல ஊர்களில் பந்தாட்டம் ஆடியும் அந்தத் தொகுப்பை அறிமுகம் செய்தது. அதன் கடைசிப் பாடல், பெய்லியும் கிதார் கலைஞர் யானிக் கெர்ஸும் சேர்ந்து எழுதியது. ஃபாக்லண்ட் போரில் மாண்டவர்களுக்கான அஞ்சலி, ஸ்பானிய மொழியில் தலைப்பு. அந்தப் போரில் பிரிட்டனுக்கு எதிர்நின்ற அர்ஜென்டினாவின் தலைநகரில், டிசம்பர் 12ஆம் தேதி, பெய்லியின் கடைசி மெய்டன் நிகழ்ச்சி நடந்தது. 1999 தொடக்கத்தில் அவர் விலக்கப்பட்டார். டிக்கின்சனும் கிதார் கலைஞர் ஏட்ரியன் ஸ்மித்தும் திரும்பி வந்தார்கள்.

திரும்பி வந்த டிக்கின்சன் செய்த ஒரு காரியத்தை மதிப்போடு குறிப்பிட வேண்டும். அந்த ஆண்டுப் பயணத்திலேயே அவர் பெய்லி காலத்துப் பாடல்களைப் பாடினார். ஸ்காட்லாந்தின் விடுதலைப் போரைப் பாடும் 'தி க்ளான்ஸ்மேன்', 2001இல் ரியோ டி ஜெனிரோவில் பெருங்கடலாய்த் திரண்ட கூட்டத்தின் முன் ஒலித்தது. 'சைன் ஆஃப் த கிராஸ்' அதே இரவில் இடம்பெற்றது. 2018இல் தொடங்கிய பயணத்திலும் இரண்டு பாடல்களும் இருந்தன. தோற்றுப்போன காலம் என்று ஒதுக்கப்பட்ட ஆண்டுகளிலிருந்து வந்த பாடல்கள் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் குழுவின் தூண்களாக நின்றன என்றால், அந்தக் காலத்தைப் பற்றிய தீர்ப்பை மறுபடி எழுதத்தான் வேண்டும்.

இன்னொரு பிரிட்டிஷ் உலோக இசைக் குழுவான ஜூடாஸ் ப்ரீஸ்டிலும் ஏறத்தாழ இதே ஆண்டுகளில் இதையொத்த கதை நடந்தது. பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் விலகியபின், அக்குழுவின் பாடல்களை ஓர் அஞ்சலிக் குழுவில் பாடிக்கொண்டிருந்த ஓஹையோக்காரர் டிம் ஓவன்ஸ் 1996இல் அவர் இடத்துக்கு வந்தார். 2003இல் ஹால்ஃபோர்ட் திரும்பினார். ஓவன்ஸ் காலத்துப் பாடல்கள் அதன்பின் மேடையேறவில்லை. ஆனால் அவரது மேடைக் குரலைத் தாங்கிய இரண்டு நேரடித் தொகுப்புகளை அக்குழு வெளியிட்டிருந்தது. மெய்டனில் நேர்மாறு: பாடல்கள் மேடையில் தொடர்ந்து வாழ்ந்தன, பாடியவரின் மேடைக் குரலுக்கு முழுமையான பதிவு ஒன்றுகூட அதிகாரபூர்வமாக வெளிவரவில்லை. தனிப்பாடல் தட்டுகளின் மறுபக்கங்களில் சில பாடல்கள், 1996இன் தெரிவுத் தொகுப்பில் ஹெல்சின்கி நிகழ்ச்சியிலிருந்து ஒன்று. ஐந்து ஆண்டு உழைப்புக்குக் கிடைத்த சான்று அவ்வளவுதான்.

மிச்சத்தைக் காப்பாற்றியவர்கள் ரசிகர்கள். சட்டைப்பைக்குள் மறைத்து எடுத்துப்போன ஒலிப்பதிவுக் கருவிகளில், பக்கத்தில் நிற்பவரின் கூச்சலோடும் கைத்தட்டலோடும் பிடித்த பதிவுகள் நாடாவிலிருந்து நாடாவுக்கு நகலாகிக் கண்டங்களைக் கடந்தன. ஒலித்தரம் மோசம். ஆயினும் எந்த இரவில் குரல் உயர்ந்தது, எந்த இரவில் உடைந்தது, எந்த ஊரில் கூட்டம் அவருக்காகப் பாடியது என்பதற்கு இன்று அவைதான் ஆதாரம். இந்தியாவுக்கு மெய்டன் முதன்முதலில் வந்தது 2007 மார்ச்சில், பெங்களூர் அரண்மனை மைதானத்துக்கு. அப்போது பெய்லி விலகி எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. அவரை மெய்டன் மேடையில் காணும் வாய்ப்பு நம் ஊர்களுக்குக் கிடைக்கவே இல்லை. நம்மிடம் வந்து சேர்ந்ததெல்லாம் இரண்டு தொகுப்புகளும், கைமாறி வந்த இந்தக் கரகரப்பான பதிவுகளும், அங்கே இருந்தவர்களின் சொற்களும்தான்.

ரசிகர் நினைவை ஏக்கம் என்று தள்ளிவிடுவது எளிது. இவர்களுடைய நினைவு அந்த வகையைச் சேர்ந்ததல்ல. கொண்டாடப்பட்ட காலத்தை நினைத்து உருகுவதற்கு உலகமே துணைக்கு வரும். குழுவே பேசத் தயங்கும் ஒரு காலத்தை, எல்லோரும் தோல்வி என்று சொன்ன இரவுகளை, தேதியும் அரங்கும் பாடல் வரிசையும் மாறாமல் நினைவில் வைத்திருப்பதற்குப் பிடிவாதம் வேண்டும். தான் கேட்டதைத் தன் காதால் தீர்மானிக்கும் நேர்மை வேண்டும். எந்தக் கலையின் வரலாறும் வெற்றி பெற்றவர்களின் ஆவணங்களால் மட்டும் முழுமை பெறாது. இருக்கை நிரம்பாத அரங்கில் இருந்தவரின் சாட்சியமும் சேர வேண்டும்.

பெய்லி ஓய்ந்துவிடவில்லை. 2000இலிருந்து தம் பெயரில் தொகுப்புகள் வெளியிட்டு, சிறு மன்றங்களில் பாடிவருகிறார். 2023 மார்ச்சில் மாரடைப்பு. இதயத்தில் நான்கு இரத்தக்குழாய் மாற்றுவழி அறுவை சிகிச்சை. அதே ஆண்டிலேயே மேடைக்குத் திரும்பினார். மெய்டன் காலத்துப் பாடல்களைத் தம் குரலுக்கு இசைந்தபடி இப்போது பாடுகிறார். அவற்றைக் கேட்கும்போது, அன்று குறை எங்கே இருந்தது என்பது தெளிவாகப் புரிகிறது.

ஒருவர் விலகிய இடத்தில் இன்னொருவர் வந்து நிற்கும்போது, அவர் இரண்டு வேலைகளைச் செய்கிறார்: தம் பாட்டைப் பாடுகிறார், முன்னவரின் நினைவையும் சுமக்கிறார். இரண்டாவது வேலைக்குக் கூலி கிடையாது. பழி மட்டும் உண்டு. 1994இல் அந்தப் பழியை ஏற்க ஒருவர் முன்வராவிட்டால், 1999இல் டிக்கின்சன் திரும்பி வருவதற்கு ஒரு குழு அப்படியே இருந்திருக்குமா என்பதைக் குழுவின் தீவிர ரசிகர்களும் யோசிக்க வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கை நேரடியானது. பெய்லி காலத்து நிகழ்ச்சி ஒன்றின் முழுப் பதிவை அயர்ன் மெய்டன் அதிகாரபூர்வமாக வெளியிட வேண்டும். குரல் உடைந்த இடங்களைச் செப்பனிடாமல், கூட்டத்தின் ஓசையோடு, பாடியவரின் பெயரை அட்டையில் இட்டு வெளியிட வேண்டும். ஜோஹன்னஸ்பர்க்கிலும் சோஃபியாவிலும் அந்த இரவுகளில் நின்றிருந்தவர்கள் தங்கள் நினைவைச் சரிபார்த்துக்கொள்ளட்டும். நேரில் காணாத நாம், பிறர் தீர்ப்பைக் கடன் வாங்காமல், நம் காதுகளால் முடிவுசெய்வோம்.