முடக்குவாதம் இருப்பவருக்கு நெஞ்சுவலியா? ‘வாய்வு’ என்று விட்டுவிடாதீர்கள்!

ஒரு காலை நேரத்தை நினைத்துப் பாருங்கள். திண்டிவனத்தை அடுத்த ஒரு கிராமம். அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது. எட்டு வருஷமாக முடக்குவாதம். தூங்கி எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு விரல்கள் மடங்காது. காபி டம்ளரைக்கூட இரண்டு கையாலும்தான் பிடிப்பார்.

அன்றைக்கு விரல் வலியோடு நெஞ்சிலும் ஓர் அழுத்தம். இடது தோள்பட்டை கனக்கிறது.

“அத்தை, முகமெல்லாம் இப்படி வேர்க்குதே... ஆஸ்பத்திரிக்குப் போலாமா?” என்கிறார் மருமகள்.

“வாய்வுதாம்மா. தோள் வலி எனக்கென்ன புதுசா? கொஞ்சம் ஓமத் தண்ணி வெச்சுக் குடு, சரியாப்போயிடும்.”

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், முடக்குவாதம் இருக்கும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. வருஷக்கணக்கில் வலியோடு வாழ்ந்தவர், புதிதாக வரும் வலியையும் பழைய கணக்கிலேயே எழுதிவிடுகிறார். அந்த வலி இதயத்திலிருந்து வந்ததாக இருந்தால், அந்த ஓமத் தண்ணி கொதிக்கும் நேரம்கூட வீண்தான்.

மூட்டோடு நிற்காத நோய்

வயதானால் மூட்டு தேய்ந்து வரும் வலி வேறு. முடக்குவாதம் வேறு. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடலின் எதிர்ப்பு சக்தியே, மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவதால் வருவது முடக்குவாதம். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. இரண்டு கை விரல்களிலும் ஒரே மாதிரி வீக்கம், காலையில் நீண்ட நேரம் இறுக்கம் ஆகியவை இதன் முக்கியமான அடையாளங்கள்.

மூட்டை வீங்கவைக்கும் அதே அழற்சி, ரத்தத்தோடு உடல் முழுக்கச் சுற்றுகிறது. ரத்தக்குழாய்களின் உட்சுவரையும் அது புண்ணாக்குகிறது. அங்கே கொழுப்பு சீக்கிரம் படிகிறது. படிந்த கொழுப்பு சுலபமாக வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. இதயத்துக்குப் போகும் குழாயில் இது நடந்தால், அதுதான் மாரடைப்பு.

பல நாடுகளில் நடந்த 24 ஆய்வுகளைத் தொகுத்து 2008-ல் ஓர் அறிக்கை வெளியானது. முடக்குவாதம் இருப்பவர்கள் இதய, ரத்தக்குழாய் நோய்களால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் 50 சதவிகிதம் அதிகம் என்றது அது. அதனால்தான், ஒருவரின் மாரடைப்பு அபாயத்தைக் கணக்கிடும்போது, முடக்குவாதம் இருந்தால் வரும் எண்ணை ஒன்றரை மடங்காக்கச் சொல்கின்றன ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் வழிகாட்டுதல்கள்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளலாம். சின்ன வயதில் தொண்டைப் புண்ணுக்குப் பிறகு காய்ச்சல் வந்து, இதய வால்வைப் பாதிக்கும் நோய் ஒன்று இருக்கிறது. அது ருமாட்டிக் காய்ச்சல். முடக்குவாதத்தின் ஆங்கிலப் பெயரான ‘ருமாட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்’ அதைப்போலவே ஒலிக்கும். ஆனால் இரண்டும் வேறு வேறு நோய்கள்.

ஏன் தவறவிடுகிறோம்?

முதல் காரணம், முழங்கால். மாடிப்படி ஏறும்போதும் வேகமாக நடக்கும்போதும் நெஞ்சு இறுகி, நின்றால் சரியாவதுதான் இதய அடைப்பின் வழக்கமான முன்னறிவிப்பு. முடக்குவாதம் இருப்பவர் அந்த அளவுக்கு நடப்பதே இல்லை. இதயம் திணறும் முன்பே முழங்கால் அவரை உட்கார வைத்துவிடும். அந்த முன்னறிவிப்பு அவருக்குக் கிடைக்காமலே போகலாம்.

இரண்டாவது, வலி வரும் இடம். மாரடைப்பு வலி தோள், கை, தாடை, முதுகு என்று பரவும். இவருக்கு அந்த இடங்களில் ஏற்கெனவே வலி இருப்பதால் வித்தியாசம் தெரிவதில்லை.

மூன்றாவது, வலியே இல்லாத மாரடைப்பு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2005-ல் வெளியானது. முடக்குவாதம் இருப்பவர்கள் நெஞ்சுவலி என்று மருத்துவரிடம் சொல்வது குறைவு, ஆனால் சத்தமில்லாமல் வந்துபோகும் மாரடைப்பு அவர்களுக்கு அதிகம் என்று அதில் தெரியவந்தது. திடீர் மூச்சிரைப்பு, குளிர்ந்த வியர்வை, குமட்டல், காரணம் தெரியாத கடும் அசதி... பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இவை மட்டுமே அறிகுறியாக வரக்கூடும்.

எல்லா நெஞ்சுவலியும் மாரடைப்பா?

இல்லை. முடக்குவாதத்தில் நெஞ்சுவலிக்கு வேறு காரணங்களும் உண்டு.

* இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி வரலாம். மல்லாந்து படுத்தால் குத்தும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறையும்.
* நுரையீரல் உறையில் அழற்சி வந்தால், மூச்சை இழுக்கும்போது சுருக்கென்று வலிக்கும்.
* விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடம் வீங்கினால், விரலால் அழுத்தும்போது வலிக்கும்.
* நாள்பட வலி மாத்திரை சாப்பிட்டு வயிறு புண்ணாகியிருந்தால், நெஞ்சுக்குழியில் எரியும்.

இதையெல்லாம் படித்துவிட்டு ‘எனக்கு இது இரண்டாவது வகை’ என்று நீங்களே முடிவு செய்யக் கூடாது. எது என்பதை இசிஜியும் ரத்தப் பரிசோதனையும் சொல்லட்டும். முதல் இசிஜி சரியாக இருந்தாலும், சில மணி நேரம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொன்னால் காத்திருங்கள். ஆரம்பத்தில் மாறுதல் தெரியாமல் போவதும் உண்டு.

அந்த நேரத்தில் என்ன செய்வது?

108-ஐ அழையுங்கள். நோயாளியை உட்கார வைத்து ஆசுவாசப்படுத்துங்கள். நடக்கவோ, வண்டி ஓட்டவோ விடாதீர்கள். பைக்கில் நடுவில் உட்கார வைத்து அழைத்துப் போவதும் வேண்டாம்.

பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. 2023-ல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவர்களுக்குக் கொடுக்க வேண்டிய முதல் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைக்கப்பட்டுள்ளன. அங்கிருந்து மேல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். யாரோ சொன்னார்கள் என்று வீட்டிலேயே மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டாம்.

திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. விழுப்புரம் பக்கம் இருப்பவர்களுக்கு முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் ஜிப்மர். முதல் சிகிச்சை அருகில் கிடைப்பது எவ்வளவு முக்கியம் என்பதைத் தமிழ்நாட்டிலேயே நடந்த ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. சிறிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸையும் ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைத்தபோது, மாரடைப்பு வந்து ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவிகிதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். 2017-ல் வெளியான முடிவு இது.

போனதும் முதலில் சொல்ல வேண்டியது: “இவங்களுக்கு முடக்குவாதம் இருக்கு. இந்த மாத்திரையெல்லாம் சாப்பிடறாங்க.” மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துப்போனால் இன்னும் நல்லது.

வலி இல்லாத நாளில்...

மூட்டுக்காக டாக்டரைப் பார்க்கப் போகும்போது, இதயத்தைப் பற்றியும் கேளுங்கள். பிபி, சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே போக முடியாதவர்கள், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் வீட்டுக்கு வரும்போது பிபி, சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளலாம்.

கொலஸ்ட்ரால் விஷயத்தில் ஒரு கண்ணாமூச்சி இருக்கிறது. முடக்குவாதம் தீவிரமாக இருக்கும்போது கெட்ட கொழுப்பின் அளவு குறைந்து காட்டும். ஆனால் அபாயம் குறைந்திருக்காது. ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதியாகிவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளில் கவனம் தேவை. டைக்ளோஃபினாக் போன்றவற்றைத் தொடர்ந்து சாப்பிட்டால் பிபி ஏறும், மாரடைப்பு வாய்ப்பும் கூடும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர் ஐபுபுரூஃபனையும் சேர்த்துப் போட்டால், ஆஸ்பிரினின் பலன் குறையலாம். ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகக் கூட்டவும் கூடாது, திடீரென நிறுத்தவும் கூடாது. இரண்டுமே ஆபத்து.

முடக்குவாதத்துக்கான மருந்தை பயந்து நிறுத்திவிடாதீர்கள். அழற்சி அடங்கினால்தான் மூட்டோடு ரத்தக்குழாயும் பிழைக்கும். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர்களுக்கு இதயப் பாதிப்பு குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மாத்திரை. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

பீடி, சிகரெட்டை விட்டே ஆக வேண்டும். புகை முடக்குவாதத்தையும் மோசமாக்கும், இதயத்தையும் கெடுக்கும். விரல் இறுக்கம் தளர்ந்த பிறகு, முடிந்த அளவு நடக்கலாம்.

கடைசியாக, வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. “அவங்களுக்கு எப்பவும் வலிதான்” என்று நாமே சொல்லிச் சொல்லி, வலியைச் சொல்லவே அவர்கள் தயங்க ஆரம்பித்துவிடுகிறார்கள். முடக்குவாதம் உள்ளவர் நெஞ்சைப் பிடித்தால், அவர் சொல்லும் சமாதானத்தை ஏற்காதீர்கள். அந்த மருமகள் செய்ய வேண்டியது இதுதான்: அடுப்பை அணைத்துவிட்டு, போனை எடுத்து 108-ஐ அழைப்பது. இசிஜியைப் பார்த்துவிட்டு டாக்டர் “வாய்வுதான்” என்று சொன்னால், சிரித்துக்கொண்டே வீடு திரும்பலாம்.