பழைய எஞ்சினின் அளவுகளைப் பொதுவில் வையுங்கள்

1980-இல் டிவிஎஸ் 50 ஓசூரிலிருந்து வெளிவந்தபோது, ஓசூர் எங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். இரண்டு பேர் உட்கார்ந்து போகும்படி இந்தியாவில் வந்த முதல் மொபெட் அது. மொரப்பூர், கம்பைநல்லூர், அரூர் பக்கம் பால் கேனும் புளி மூட்டையும் தவிட்டு மூட்டையும் அதன்மேல்தான் போய்வந்தன. எங்கள் அப்பா சங்கத்துக்குப் பால் ஊற்றப் போனதும் அதில்தான். அவர் காலத்துக்குப் பிறகு எஞ்சின் ஜாமாகி மாட்டுக்கொட்டகையில் கிடந்த அந்த வண்டியை நான் வீட்டுத் திண்ணையிலேயே பிரித்துப் பூட்டினேன். அந்த வேலை கற்றுக்கொடுத்த ஒரு விஷயத்தைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

சின்ன டூ ஸ்ட்ரோக் எஞ்சினைப் பிரிக்கப் பெரிய பட்டறை வேண்டாம். அதில் வால்வு இல்லை, கேம் இல்லை. ஆனால் கிராங்க் இருக்கும் அறையே பெட்ரோல் கலந்த காற்றை இழுத்து மேலே தள்ளும் பம்பாகவும் வேலை செய்கிறது. அதனால் கிராங்கின் இரு பக்கத்து ஆயில் சீலும் காற்றுப் புகாமல் இருந்தாக வேண்டும். மேக்னட் பக்கத்து சீல் காய்ந்து வெடித்தால் வெளிக்காற்று உள்ளே நுழையும். காற்று கூடிப் பெட்ரோலும் அதோடு கலந்துவரும் ஆயிலும் குறைய, பிஸ்டன் சூடேறி போரைக் கவ்விக்கொள்ளும். எங்கள் வண்டியில் நடந்தது அதுதான். பார்த்தவர்கள் எல்லோரும் பிஸ்டனைக் குறை சொன்னார்கள். பிஸ்டனை மட்டும் மாற்றியிருந்தால் புது பிஸ்டனும் அதே கதிக்குத்தான் ஆளாகியிருக்கும்.

பேரிங்கைச் சுத்தியால் தட்டி இறக்குவது தப்பு. அலுமினியம் சூட்டில் இரும்பைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். கிராங்க் கேஸை வெந்நீர் அண்டாவில் முக்கி எடுத்து ஈரம் போகத் துடைத்து, ஃபிரீசரில் வைத்த பேரிங்கை வைத்தால் கையழுத்தத்திலேயே இறங்கி உட்காரும். கிராங்கைப் பிரித்து பிக் எண்ட் மாற்றுவது மட்டும் வீட்டு வேலை இல்லை. அதற்கு பிரஸ் வேண்டும். பூட்டிய பிறகு டயல் கேஜ் வைத்து ஓட்டம் பார்த்து, தாமிரச் சுத்தியால் மெல்லத் தட்டி நேராக்கத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கை எங்கள் பக்கம் குறைந்துகொண்டே வருகிறது.

போரிங் வேலையைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். தேய்ந்த போரைக் கடைந்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது வழக்கம். நான் கொடுத்த பட்டறையில் கண்ணாடிபோலக் கடைந்து கொடுத்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் ஸ்டேஷன் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் காட்டினேன். "தம்பி, உள்ள விரலை விட்டு அந்த ஓட்டை ஓரத்தைத் தடவிப் பாரு. விரலைக் கிழிக்கிற மாதிரி இருந்தா ரிங்கையும் உடைக்கும்" என்றார். போர் சுவரில் உள்ள போர்ட்டுகளின் விளிம்பைக் கடைந்த பிறகு மழுக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றிலும் ரிங் அதில் இடறும். அவரே சின்ன எமரிக் கல்லால் நான்கு பக்கமும் தேய்த்துக் கொடுத்தார்.

அப்போதுதான் கேட்டேன். "பிஸ்டனுக்கும் போருக்கும் எவ்வளவு இடைவெளி விடணும், அண்ணா?" ஒரு எண் சொன்னார். இன்னொரு மெக்கானிக் வேறு எண் சொன்னார். இக்னிஷன் டைமிங், கார்புரேட்டர் ஜெட், பாயிண்ட் இடைவெளி, பெட்ரோலில் ஆயில் எவ்வளவு என்று எதைக் கேட்டாலும் ஆளுக்கொரு கணக்கு. இவை ஒவ்வொன்றுக்கும் சரியான விடை உண்டு. தொழிற்சாலையில் அளந்து, சர்வீஸ் மேனுவலில் அச்சடித்து, அன்றைய டீலர்களுக்கு அனுப்பிய விடைகள் அவை. மாடல் நின்றதும் அந்தப் புத்தகங்களும் கண்ணில் படாமல் போய்விட்டன. அறுபது வயது தாண்டிய சில மெக்கானிக்குகளின் நினைவில்தான் இப்போது அந்த அளவுகள் இருக்கின்றன. அவர்கள் கடையை மூடினால் அதோடு போயிற்று. இதை நாம் இப்படியே விட்டுவிடக் கூடாது.

பழுதுபார்க்கும் உரிமை என்று மத்திய அரசு 2022-இல் ஒரு குழு அமைத்தது, இணையதளமும் திறந்தது. மோட்டார் வாகனங்களும் அதில் அடக்கம். நல்ல காரியம். அந்த உரிமை இன்று கடையில் விற்கும் வண்டியோடு நின்றுவிடக் கூடாது. 2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதி, ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டிக்குத் தனிப் பதிவெண் தருகிறது. எண்பலகைக்கு விதி எழுதிய அரசு, பிஸ்டன் அளவு பொதுவில் கிடைக்கவும் ஒரு விதி எழுதலாம்.

டூ ஸ்ட்ரோக் புகை கெடுதி என்பதை நான் மறுக்கவில்லை. பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலேயே சைலன்சர் வழியாக வெளியேறுகிறது. எல்லாப் பழைய வண்டியையும் சாலையில் இறக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் எங்கள் தோட்டங்களில் மருந்தடிக்கும் பவர் ஸ்ப்ரேயரிலும் களை வெட்டும் மெஷினிலும் இன்றும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஓடுகிறது. அதே சீல், அதே ரிங், அதே ஜாம். இந்த வேலை தெரிந்த பிள்ளைக்கு ஊரிலேயே பிழைப்பு உண்டு.

கைவிட்டதை மீட்பது எவ்வளவு கடினம் என்பதற்கு எங்கள் ரயில் பாதையே சாட்சி. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் சிறிய ரயில் பாதை போட்டார்கள். 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது. உலகப் போர்க் காலத்தில், 1941-இல், பாதையை மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அதைத் திரும்பக் கேட்டே இந்த மாவட்டத்தில் தலைமுறைகள் கழிந்தன. இருப்பதைக் காப்பாற்றும் செலவு, போனதை மீட்கும் செலவில் ஒரு துளி என்பது எங்கள் ஊருக்கு நன்றாகவே தெரியும்.

வண்டி தயாரித்த நிறுவனங்களுக்கு என் கோரிக்கை இதுதான்: தயாரிப்பு நின்ற மாடல்களின் சர்வீஸ் மேனுவலையும் உதிரிபாகப் பட்டியலையும் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போடுங்கள். அதில் உங்கள் வியாபார ரகசியம் எதுவும் மிச்சமில்லை. அரசு ஐடிஐ-க்கள் தலா ஒரு பழைய எஞ்சினை வாங்கி, மூத்த மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்து, மாணவர்கள் கையால் பிரித்துப் பூட்டச் செய்யட்டும். உங்கள் வீட்டுப் பரணில் பழைய சர்வீஸ் புத்தகம் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, உங்கள் தெரு மெக்கானிக்குக்கு அனுப்பிவையுங்கள்.