வித்தை காட்ட எண்ணூர் ரோடுதான் கிடைத்ததா?

எண்ணூர் விரைவு சாலையில் ராத்திரி நேரம். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. நடுவே 'விர்ர்' என்று சீறி வருகிறது ஒரு மோட்டார் சைக்கிள். முன் சக்கரம் அந்தரத்தில்! ஓட்டும் வாலிபர் தலையில் ஹெல்மெட் இல்லை. காலில் ரப்பர் செருப்பு!

கேட்டால், "ஃப்ரீஸ்டைல் மோட்டோகிராஸ் கத்துக்கறோம்ணே" என்கிறார்கள்.

பெயரை மட்டும்தான் கற்றிருக்கிறார்கள். சரிவு மேடையில் ஏறிப் பாய்ந்து, சுமார் 75 அடி தூரம் பறந்து, அந்தரத்தில் வித்தை காட்டி, எதிரே உள்ள மண் மேட்டில் இறங்கும் விளையாட்டு அது. 2006ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அமெரிக்க வீரர் டிராவிஸ் பஸ்ட்ரானா, பைக்கோடு பின்பக்கமாக 2 குட்டிக்கரணம் அடித்து உலகத்தையே வாய் பிளக்க வைத்தார். அதற்கு முன் நுரைப்பஞ்சு நிரப்பிய பள்ளத்தில் விழுந்து விழுந்து பழகியவர் அவர். தார் ரோட்டில் பஞ்சு ஏது?

முதல் பாடம் தரையில்!

இதைக் கற்க நினைப்பவன் முதலில் பறக்கக் கூடாது. சமமான மண் தரையில், கால்மிதி மேல் எழுந்து நின்று ஓட்டப் பழக வேண்டும். கிளட்சும் பிரேக்கும் கைக்குள் வர வேண்டும். பிறகு முழங்கால் உயர மேடு. அது சரியாக வந்த பின் அடுத்த மேடு. ஹெல்மெட், மார்புக் கவசம், முழங்கால் கவசம், கெட்டியான பூட்ஸ் கட்டாயம். வண்டியும் மண்ணுக்கென்றே செய்த வண்டியாக இருக்க வேண்டும். ஆபீசுக்குப் போகிற பைக்கில் பாய்ந்தால் வண்டியோடு முதுகெலும்பும் போய்விடும்.

பெங்களூர் சி.எஸ்.சந்தோஷ் மண் பந்தயத்தில் பழகி வந்தவர்தான். 2015ல் டாக்கர் ராலியை ஓடி முடித்த முதல் இந்தியர் ஆனார்.

எங்கே போவது?

மோட்டார் சைக்கிள் வட சென்னைக்குப் புதுசா என்ன? 1955ல் தொடங்கிய என்பீல்டு கம்பெனி புல்லட் வண்டிகளைச் செய்தது திருவொற்றியூரில். பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்தது பக்கத்து சோழவரத்தில். பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு மிச்சம் ரோடுதான்.

போலீசார் பிடிக்கட்டும். ரோட்டில் பந்தயம் விட்டால் 3 மாதம் வரை ஜெயில் அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்று 2019 திருத்தச் சட்டம் சொல்கிறது. 18 வயது ஆகாத மகன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் தகப்பனாருக்கே 3 ஆண்டு வரை ஜெயில்! சட்டம் சரி. ஆனால் அபராதம் கட்டிவிட்டு வெளியே வரும் பையன் எங்கே போய்ப் பழகுவான்?

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வேலி போட்ட ஒரு மண் மைதானம். சொல்லிக் கொடுக்க ஒரு ஆள். வாசலில் ஒரு ஆம்புலன்ஸ். இவ்வளவுதான் தேவை. கிரிக்கெட்டுக்கு இடம் தேடும் மாநகராட்சி இதற்கும் தேடலாமே!

அதுவரை தம்பிகளே, முன் சக்கரம் தரையிலேயே இருக்கட்டும். கண்டெய்னர் லாரி நினைத்த இடத்தில் நிற்காது. வீட்டில் அம்மா சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள்.