கேஸ் ஏற்றுவது ரிப்பேர் ஆகாது



போன வாரம் பேத்தி எடுத்துப் போட்ட காண்டெஸா படத்துக்கு இத்தனை பேர் வந்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. "சார், இந்த வண்டியிலதான் ஸ்போர்ட்ஸ் டே கப் எல்லாம் ஏத்திட்டு வந்தோம்" என்று நிறையப் பேர். நாலைந்து பேர் மட்டும் கூர்மையாகப் பார்த்திருக்கிறார்கள்: "நாலு கண்ணாடியும் ஏத்தியிருக்கே, ஏசி ஓடுதா சார்?"

ஓடுகிறது. பத்துப் பன்னிரண்டு வருஷம் செத்துக் கிடந்தது, இரண்டு வருஷமாக ஓடுகிறது. எப்படி என்று கேட்டவர்களுக்குக் கமெண்டில் பதில் எழுத ஆரம்பித்தேன். வழக்கம்போல நீண்டுவிட்டது, அதனால் தனியாகப் போடுகிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் முழுசாகப் படியுங்கள். மற்றவர்கள் கடைசிப் பகுதியையாவது படியுங்கள். அதில் எனக்கு உங்களில் ஒருவரிடம் காரியம் இருக்கிறது.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருஷா வருஷம் சித்திரை பிறந்ததும் "ஏசிக்கு கேஸ் ஏத்தணும்" என்று வண்டியைக் கொண்டுபோய் விடுகிறோமே, அது ரிப்பேர் இல்லை. பெயிலான பையனுக்கு கிரேஸ் மார்க் போட்டு மேல் வகுப்புக்குத் தள்ளுகிற மாதிரி. அவனுக்குப் பாடம் வரவில்லை என்பது அப்படியே இருக்கும்.

"கேஸ் தீர்ந்துபோச்சு" என்கிறோம். பெட்ரோல் தீரும், ஏனென்றால் அது எரிகிறது. ஏசி கேஸ் எரிவதும் இல்லை, செலவாவதும் இல்லை. கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடாக்குகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் அது வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. டிரையர் வழியாக ஓடி, எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்ன ஓட்டையில் நுழைந்து, உள்ளே இருக்கும் கூலிங் காயிலில் கொதித்து ஆவியாகிறது. கொதிக்கத் தேவையான வெப்பத்தை நம் முகத்துக்கு வரும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆவியானது திரும்பவும் கம்ப்ரசருக்கு. அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கேயோ ஓட்டை, அவ்வளவுதான்.

"அப்படியென்றால் வீட்டு ஃபிரிட்ஜ் இருபது வருஷம் கேஸ் ஏற்றாமல் ஓடுகிறதே, காருக்கு மட்டும் ஏன்?" நல்ல கேள்வி. ஃபிரிட்ஜில் மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே இரும்புக் குடத்துக்குள் வைத்து வெல்டு செய்தவை. வெளியே வருவது வயரும் குழாயும் மட்டும். காரில் கம்ப்ரசரைச் சுற்றுவது இஞ்சினின் பெல்ட். அதனால் அதன் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சுற்றுகிற தண்டைச் சுற்றி ஒரு சீல், அந்த சீல்தான் கேஸைப் பிடித்துவைத்திருக்கிறது. இஞ்சின் அதிரும், ஆகவே குழாய்களில் பாதி ரப்பர் ஹோஸ். இணைப்புகளில் ஓ-ரிங். முப்பது வருஷ ரப்பர் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டில் பழைய குக்கர் கேஸ்கட்டைப் பாருங்கள்.

இதிலிருந்து ஒரு பழக்கம் வருகிறது. அந்த சீலை ஈரமாக வைத்திருப்பது கேஸோடு சேர்ந்து சுற்றும் எண்ணெய். ஆறு மாதம் ஏசி போடாமல் வைத்தால் சீல் காய்ந்து கசிய ஆரம்பிக்கும். மார்கழிக் குளிரிலும் வாரத்துக்கு ஒரு நாள் பத்து நிமிஷம் ஏசி போடுங்கள். "பெட்ரோல் மிச்சம்" என்று அணைத்து வைப்பவர்கள்தான் கோடையில் முதல் ஆளாக கேஸ் ஏற்றப் போகிறவர்கள். நான் அப்படித்தான் இருந்தேன்.

இனி என் கதை. இந்த வண்டி எங்கள் பெரிய அத்தான் 1991-ல் வாங்கியது. 1800 சிசி இசுஸு இஞ்சின். ஏசி வெளிக் கடையில் பொருத்தியது. 1995-ல் என் கைக்கு வந்தது. அதில் இருந்தது ஆர்-12 என்கிற கேஸ், இரண்டு குளோரின் அணுக்கள் உள்ள சிஎஃப்சி. ஒவ்வொரு ஏப்ரலும் ஒரு கடையில் விடுவேன். சாயங்காலம் சில்லென்று கொடுப்பார்கள். தீபாவளிக்குள் காற்று வெதுவெதுப்பாகிவிடும். நானும் அதுதான் முறை என்று நினைத்திருந்தேன்.

2010-ல் அந்தக் கடையில் "ஆர்-12 இப்ப வர்றதில்ல சார், புது கேஸ் போட்டிருக்கேன்" என்றார்கள். உண்மைதான். மான்ட்ரியல் ஒப்பந்தப்படி குளிர்சாதனத்துக்கான சிஎஃப்சி தயாரிப்பு அதற்குள் இந்தியாவில் நின்றுவிட்டது. ஆனால் எதையும் மாற்றாமல் ஆர்-134ஏ கேஸை மட்டும் ஏற்றிவிட்டார்கள். பழைய கேஸோடு இருந்த மினரல் ஆயில் புதுக் கேஸில் கலக்காது. எண்ணெய் ஒரு மூலையில் தங்கிவிடும், கம்ப்ரசர் உலர்ந்து ஓடும். அடுத்த வருஷம் கம்ப்ரசர் ஜாம். பெல்ட் கருகிய நாற்றத்தோடு வள்ளியூர் தாண்டி நின்றோம். அதன் பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டு வாழ்ந்தோம்.

இரண்டு வருஷம் முன்பு என் மனைவிக்கு (உங்களில் பலருக்குக் கணக்கு டீச்சர்) கண் ஆபரேஷன். தூசி படக் கூடாது என்றார் டாக்டர். அப்போதுதான் நம் பள்ளியில் படித்து இப்போது பைபாஸ் பக்கம் சொந்தமாக ஏசி ஷெட் வைத்திருக்கும் ஒரு மாணவரிடம் போனேன். "கேஸ் மட்டும் ஏத்திக் குடுப்பா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "கேஸ் செலவாகாது சார். பொருளின் அழிவின்மை விதி நீங்கதான நடத்துனீங்க?" என்றார். எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை.

அவர் செய்த வேலையை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் மெக்கானிக் இதில் எதையாவது வேண்டாம் என்றால் ஏன் என்று கேளுங்கள்.

முதலில் குழாய்க்குள் உலர்ந்த நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவினார். மூன்று இடத்தில் நுரை வந்தது: கம்ப்ரசர் தண்டு சீல், கண்டென்சர் இணைப்பின் ஓ-ரிங், ஒரு ஹோஸின் கிரிம்ப். கூலிங் காயிலைக் கழற்றினால் சருகும் தூசியும் ஒரு எலிக்கூடும். (டீச்சர் அதைப் பார்க்கவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.) ஜாமான கம்ப்ரசருக்குப் பதில் ஒரு சாண்டன் கம்ப்ரசர். எல்லா ஓ-ரிங்கும் புதிது, ஹோஸ் புதிது. உள்ளே இருந்த எண்ணெயையும் இரும்புத் துகளையும் பிளஷ் செய்து கழுவினார். பழைய எண்ணெய் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் பொறுத்துக்கொள்கிற எஸ்டர் ஆயில் ஊற்றினார். டிரையர் புதிது. குழாயைத் திறந்தாலே டிரையரை மாற்ற வேண்டும், அது ஈரத்தைக் குடித்து நிறைந்துபோயிருக்கும்.

அதன் பிறகு வேக்யூம் பம்ப். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுவார்கள். பெல் ஜாடிக்குள் காற்றை எடுக்க எடுக்க, சூடாக்காமலே தண்ணீர் கொதித்ததே, நினைவிருக்கிறதா? அதேதான். குழாய்க்குள் இருக்கும் ஈரத்தைக் கொதிக்கவைத்து இழுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அது எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாகி அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும். ஒரு மணி நேரம் பம்ப் ஓடியது. பிறகு நிறுத்திவிட்டு இரவெல்லாம் கேஜ் முள் நகர்கிறதா என்று விட்டுவைத்தார். நகரவில்லை. காலையில்தான் கேஸ், அதுவும் தராசில் சிலிண்டரை வைத்து எடை பார்த்து. ஆர்-12 தொள்ளாயிரம் கிராம் பிடித்த இடத்தில் ஆர்-134ஏ எழுநூற்றைம்பது. குழாயைத் தொட்டுப் பார்த்து "போதும்" என்கிற கணக்கு வேண்டாம். கூடுதலாகப் போனாலும் குளிராது.

ஆர்-134ஏ டிராஃபிக்கில் நிற்கும்போது பழைய கேஸ் அளவுக்குக் குளிரவைக்காது. அதற்காக கண்டென்சரைப் புது மாதிரியாக மாற்றி, முன்னால் ஒரு எலெக்ட்ரிக் ஃபேனும் வைத்தார். வெளியே 38 டிகிரி இருந்த ஒரு மத்தியானம் லேப் தெர்மாமீட்டரை வென்ட்டில் செருகிப் பார்த்தேன். ஓடும்போது 11, சிக்னலில் நிற்கும்போது 17. எனக்குப் போதும்.

இன்னொன்று. ஆர்-12 இன்றும் கிடைக்கிறது என்று யாராவது சிலிண்டரைக் காட்டினால் சந்தேகப்படுங்கள். பழைய கேஸுக்குப் பதில் எல்பிஜி மாதிரியான எரியும் கேஸை ஏற்றுகிற பழக்கமும் உண்டு. குளிரும், நன்றாகவே குளிரும். ஆனால் கூலிங் காயில் இருப்பது உங்கள் முழங்காலுக்கு முன்னால். அது கசிந்தால் மூடிய கண்ணாடிக்குள் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மொத்தச் செலவு 41,000 ரூபாய். சின்ன மாப்பிள்ளை, "அந்தக் காசுக்கு ஓடுற பழைய மாருதியே வாங்கிடலாமே மாமா" என்றார். பணக் கணக்கில் அவர் சொல்வது தப்பில்லை. டீச்சர் தன் பழைய வீட்டுக் கணக்கு நோட்டுகளை எடுத்துப் பார்த்தார். 1996 முதல் 2009 வரை ஏப்ரல் மாதப் பக்கத்தில் "கார் கேஸ்" என்று பதின்மூன்று தடவை. எல்லாம் கூட்டினால் 11,000 ரூபாய்கூட வரவில்லை. ஆக, ரிப்பேரில் லாபம் என்று நான் சொன்னால் பொய். 1996-லேயே சில நூறு ரூபாய்க்கு அந்த சீலை மாற்றியிருந்தால் லாபம்.

மெக்கானிக்குகளை மட்டும் குற்றம் சொல்வதும் சரியில்லை. கேஸுக்குக் காசு கேட்டால் கொடுத்துவிடுகிறோம், அது ஒரு பொருள். "ஓட்டையைத் தேட ஒரு நாள் ஆகும், கூலி இவ்வளவு" என்றால், "சும்மா பார்த்ததுக்கா?" என்கிறோம். நானே என் கடைக்காரரிடம் அப்படிக் கேட்டிருக்கிறேன். பிறகு அவர் எதற்குத் தேடப் போகிறார்?

ஆனால் டீச்சர் இன்னொரு கூட்டலும் போட்டார். சில வருஷம் முழுசாக, சில வருஷம் பாதியாக ஏற்றியிருந்தாலும் ஆறேழு கிலோ ஆர்-12 என் வண்டியிலிருந்து வானத்துக்குப் போயிருக்கிறது. மேலே போன ஒரு குளோரின் அணு ஏறக்குறைய ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளைச் சிதைக்கும் என்று நான்தான் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். இப்போதைய ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் நூறு வருஷக் கணக்கில் கார்பன் டை ஆக்ஸைடைப் போல 1,400 மடங்கு. என் வண்டியின் 750 கிராம் ஒரு தடவை கசிந்தால் ஒரு டன்னுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ. அதாவது அந்தக் கசிவு 450 லிட்டர் பெட்ரோலை எரித்த மாதிரி. நான் வருஷம் முழுக்க ஓட்டுவதே இரண்டாயிரம் கிலோமீட்டர், அதற்கு அதில் பாதிப் பெட்ரோல்தான் ஆகும். வண்டி ஓடியதைவிட நின்றுகொண்டு கசிந்ததுதான் பெரிய தப்பு.

பழசை வைத்துக்கொள்ளும் ஆசை என்னுடையது. அதை விடப்போவதில்லை. ஆனால் ஓட்டையோடு வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இருந்ததாக இப்போது நினைக்கவில்லை. அடைக்க முடியாதென்றால் ஏசியை விட்டுவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொள்வதே மேல்.

இனி அந்தக் காரியம். 1997-98, பத்தாம் வகுப்பு பி பிரிவு. ஓசோன் படலம் பாடம். அன்டார்டிகா மேல் ஓட்டை, சிஎஃப்சி, ஏசி, ஃபிரிட்ஜ் எல்லாம் முழங்கிக்கொண்டிருக்கிறேன். ஜன்னல் ஓரம் மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். வெளியே வேப்பமரத்தடியில் காண்டெஸா நிற்பது அங்கிருந்து தெரியும். "சார், உங்க கார் ஏசியிலயும் அந்த கேஸ்தானா சார்?" வகுப்பே சிரித்தது. நான், "அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாத, உட்காரு" என்றேன். அவன் கேலிக்குக் கேட்கவில்லை. முகம் நன்றாக நினைவிருக்கிறது, பெயர்தான் வரவில்லை. ஷெட் வைத்திருக்கும் மாணவர் அதற்கு மூன்று வருஷம் பிந்தியவர், அவருக்கும் தெரியவில்லை.

அந்த செட்டில் இருந்தவர்கள் யாரென்று தெரிந்தால் கீழே எழுதுங்கள். தம்பி, நீயே இதைப் படித்தால் ஒரு போன் போடு. ஆமாம், அதே கேஸ்தான்.