மரியாதை போகிறதா, மாறுகிறதா? கொரியா நாட்டில் வீட்டுக்கு வீடு கேள்வி!

தென் கொரியாவின் தலைநகர் சியோல். அங்கே பூமிக்கு அடியில் சுரங்க ரெயில் ஓடுகிறது. 1974-ம் ஆண்டு ஓடத் தொடங்கிய ரெயில் அது.

மாலை நேரம். பெட்டி நிறையக் கூட்டம். ஒரு முதியவர் ஏறுகிறார். தலை பஞ்சாய் வெளுத்து விட்டது. கையிலே ஒரு பை. எதிரே வாலிபர்கள் வரிசையாக உட்கார்ந்து இருக்கிறார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லோருடைய கண்ணும் செல்போனில் இருக்கிறது.

முதியவரும் அவர்கள் முன்னால் போய் நிற்கவில்லை. நேராகப் பெட்டியின் மூலைக்குப் போகிறார். அங்கே முதியோருக்கு என்று தனி இருக்கைகள் உண்டு. இடம் இருந்தால் உட்காருகிறார். இல்லாவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

இது சியோலில் பலரும் பார்க்கும் காட்சி.

இந்த முதியவரும் ஒரு காலத்தில் வாலிபராக இருந்தவர்தான். பஸ்சிலே ஒரு பெரியவர் ஏறினால், அந்தக் காலத்து வாலிபர்கள் துள்ளி எழுவார்கள். பெரியவர் நிற்க, சிறியவர் உட்கார்ந்து இருப்பது அன்று வெட்கக்கேடு. அன்று இடம் கொடுத்தவருக்கு இன்று இடம் இல்லை!

"மரியாதை செத்துவிட்டது" என்று முதியோர் குமுறுகிறார்கள். "மரியாதை என்ன, வயதைப் பார்த்துத்தான் வரவேண்டுமா?" என்று இளைஞர்கள் திருப்பிக் கேட்கிறார்கள்.

யார் சொல்வது சரி?

உங்கள் வயது என்ன?

கொரியாவை 1392 முதல் 1910 வரை சோசன் அரச வம்சம் ஆண்டது. சீன ஞானி கன்பூசியஸ் வழி வந்த நெறிதான் அந்த ஆட்சிக்கு அடிப்படை. அதிலே ஐந்து உறவுகள் முக்கியம். அரசன்-குடி, தந்தை-மகன், கணவன்-மனைவி, மூத்தவர்-இளையவர், நண்பர்-நண்பர். முதல் நான்கிலும் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. நண்பர்கள் மட்டுமே சமம்.

அந்த நெறி இன்றும் வீட்டிலே தெரியும். பெரியவர் கரண்டியை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடத் தொடங்குவார்கள். பெரியவரிடம் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையால் கொடுப்பார்கள். புத்தாண்டு அன்று சிறுவர்கள் பெரியவர்களைத் தரையில் விழுந்து வணங்குவார்கள். ஆசியோடு பணமும் கிடைக்கும்!

பேச்சிலும் இதே முறைதான். சிறுவன் உறங்கினால் "சாதா" என்று ஒரு சொல். தாத்தா உறங்கினால் "சுமுசிதா" என்று வேறு சொல். மாற்றிச் சொல்லிவிட்டால் முகம் சுருங்கிவிடும்.

ஆகவே புதிதாக இருவர் சந்தித்தால் பெயருக்கு அடுத்து வயதைக் கேட்பது வழக்கம். அது துருவிக் கேட்பது அல்ல. வயது தெரியாமல் எப்படிப் பேசுவது? அதுதான் காரணம். ஓர் ஆண்டு மூத்தவர் என்றாலும் மூத்தவர்தான்.

வயதைக் கணக்கிடுவதிலும் ஒரு வேடிக்கை இருந்தது. பிறக்கும் போதே குழந்தைக்கு ஒரு வயது. ஜனவரி 1-ந் தேதி வந்தால் எல்லோருக்கும் ஒரு வயது கூடும். டிசம்பர் 31-ந் தேதி பிறந்த குழந்தைக்கு மறுநாளே இரண்டு வயது! சட்டத்திலும் அரசாங்க அலுவல்களிலும் பிறந்தநாள் கணக்கே பொது விதி என்று 2023-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி முதல் ஆயிற்று. ஒரே நாளில் நாடே ஒரு வயது, இரண்டு வயது இளமையாகிவிட்டது என்று மக்கள் சிரித்தார்கள்.

தெரியாதவருக்கு என்ன மரியாதை?

1950 முதல் 1953 வரை நடந்த போர் கொரியாவைத் தரைமட்டம் ஆக்கியது. பிறகு தொழிற்சாலைகள் எழுந்தன. கிராமம் நகரத்துக்கு நடந்தது. 1960-ல் நகரங்களில் வாழ்ந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இன்றோ ஐந்து பேரில் நான்கு பேர் நகரவாசிகள்.

கிராமத்தில் எல்லோரும் தெரிந்தவர்கள். யார் மூத்தவர், யார் இளையவர் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். நகரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. அந்த ஐந்து உறவுகளைத் திரும்பப் பாருங்கள். அதிலே "முன்பின் தெரியாதவர்" என்ற உறவே இல்லை!

அதனால் ஒரு விசித்திரம் நடந்தது. வீட்டிலே பெட்டிப் பாம்பாய் அடங்கிக் குனிந்து வணங்குகிறவர், தெருவிலே மற்றவரை இடித்துக்கொண்டு போவார். மன்னிப்பு கேட்கமாட்டார். இது கெட்ட எண்ணம் அல்ல. தெரியாதவரிடம் எப்படி நடப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

சொல்லித்தர அரசாங்கம் முன்வந்தது. 1988-ல் சியோலில் ஒலிம்பிக் பந்தயம். உலகமே வருகிறது, வரிசையில் நில்லுங்கள் என்று பிரசாரம் நடந்தது. 2002 உலகக் கோப்பைக் கால்பந்து நெருங்கியபோது, நகரும் படிக்கட்டில் ஒரு பக்கமாக நின்று, அவசரக்காரருக்கு வழி விடச் சொன்னார்கள். மக்கள் பழகிக்கொண்டார்கள். 2007-ல் "அது ஆபத்து, இரு பக்கமும் நில்லுங்கள்" என்றார்கள். மக்கள் கேட்கவில்லை. 2015-ல் அந்தப் பிரசாரம் கைவிடப்பட்டது. பழக்கத்தை ஊட்டுவது எளிது, மாற்றுவது கஷ்டம்!

பருப்பு செய்த புரட்சி

2014-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் கொரியன் ஏர் விமானம் புறப்படத் தயாராக நின்றது. உள்ளே இருந்தவர்களில் ஒருவர், அந்தக் கம்பெனித் தலைவரின் மகள். அவரே உதவித் தலைவரும் கூட. அவருக்கு மெக்கடேமியா பருப்பைத் தட்டில் வைக்காமல், பொட்டலமாகக் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான்! சீறினார். நகரத் தொடங்கிய விமானத்தைத் திரும்பச் செய்து, தலைமைப் பணியாளரை இறக்கிவிட்டார்.

நாடு கொதித்தது. வழக்கு நடந்தது. 2015-ல் அவருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது நிறுத்திவைக்கப்பட்டது.

மேலே இருப்பவர் கீழே இருப்பவரை மிதிப்பதற்குக் கொரிய மொழியில் "கப்ஜில்" என்று பெயர். ஒப்பந்தப் பத்திரத்தில் முதல் கட்சிக்காரர் "கப்". அவர் செய்யும் அட்டகாசம் "கப்ஜில்". பருப்பு விவகாரத்துக்குப் பிறகு இந்தச் சொல் மூலை முடுக்கெல்லாம் பரவியது.

சட்டங்களும் வந்தன. வாடிக்கையாளரின் ஏச்சுப் பேச்சில் இருந்து ஊழியரைக் காக்க வேண்டியது முதலாளியின் கடமை என்று 2018-ல் சட்டம் வந்தது. வேலை இடத்தில் ஊழியரைத் துன்புறுத்துவதற்கு 2019 ஜூலை 16 முதல் தடை. பட்டம், பதவி சொல்லி அழைக்காமல் எல்லோரையும் பெயரோடு "நிம்" சேர்த்து அழைக்கும் முறையை, சி.ஜே. கம்பெனி 2000-லேயே கொண்டுவந்தது. "நிம்" என்றால் "அவர்கள்" என்பது போன்ற மரியாதைச் சொல். 2017-ல் சாம்சங் எலெக்ட்ரானிக்சும் அந்த வழிக்கு வந்தது.

மரியாதை அதுவரை மாடிப்படியில் மேலே மட்டும் ஏறியது. இப்போது கீழேயும் இறங்கி வருகிறது.

மருமகளுக்கு விடுதலை

வீட்டுக்குள்ளும் மாற்றம் நுழைந்தது. கொரிய மருமகள் தன் கொழுந்தனை "தொரியொன்னிம்" என்று அழைக்கவேண்டும். "சின்ன எஜமான்" என்பது போன்ற சொல் அது. ஆனால் மாப்பிள்ளையோ மனைவியின் தம்பியை மரியாதைச் சொல் இல்லாமலே அழைப்பார். "இது என்ன நியாயம்?" என்று பெண்கள் கேட்டார்கள். பெயர் சொல்லியே அழைத்துக்கொள்ளலாம் என்ற வழியை, 2020-ல் தேசிய மொழிக் கழகத்தின் கையேடு காட்டியது.

அறுவடைத் திருநாளான சூசொக் வந்தால், முன்னோர் படையலுக்குப் பெண்கள் அடுப்படியில் வெந்து கிடப்பார்கள். 2022-ல், கன்பூசிய நெறியைக் காத்துவரும் சொங்கியுன்குவான் அமைப்பே முன்வந்தது. எண்ணெயில் பொரித்த பண்டங்கள் தேவை இல்லை, ஒன்பது வகை போதும் என்று அறிவித்தது. படையலை வைத்துக் குடும்பத்தில் சண்டை வரக்கூடாது என்பது அதன் கருத்து.

"எங்கள் காலத்திலே..."

இவை எல்லாம் நல்ல மாற்றங்கள். ஆனால் மறுபக்கமும் உண்டு.

ஓயாமல் புத்தி சொல்லும் பெரியவருக்கு இளைஞர்கள் "கொன்தே" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "எங்கள் காலத்திலே என்றால்..." என்று தொடங்கும் பேச்சு, கொரிய மொழியில் "லாத்தே காப்பி என்பது குதிரை" என்பது போல ஒலிக்கும். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சிரிப்போடு நின்றால் பரவாயில்லை. குழந்தைகளை உள்ளே விடாத ஓட்டல்கள் முளைத்தன. அது பாகுபாடு என்று 2017-ல் தேசிய மனித உரிமை ஆணையம் சொன்னது. 2023-ல், 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் வரவேண்டாம் என்று ஒரு காப்பிக் கடை பலகை மாட்டியது. அந்தப் படத்தைப் பார்த்த பலர் பதறினார்கள்.

இந்த முதியோர் யார்? போரிலும் பசியிலும் வளர்ந்தவர்கள், தொழிற்சாலையில் உழைத்து நாட்டை நிமிர்த்தியவர்கள். இன்று அவர்களில் பத்துப் பேருக்கு ஏறத்தாழ நான்கு பேர் வறுமையில் இருக்கிறார்கள். பணக்கார நாடுகளில் இது மிக மோசமான நிலை. பெற்றோரைப் பிள்ளைகள் காப்பார்கள் என்று நம்பிப் பிள்ளைகளுக்கே எல்லாம் செலவழித்தவர்கள் பலர். அவர்களுக்கு மரியாதை என்பது வெறும் வணக்கம் அல்ல. அது கடைசிக் காலத்துச் சேமிப்பு!

இளைஞர்களுக்கும் ஒரு குறை உண்டு. 65 வயது ஆனவர்களுக்குச் சுரங்க ரெயிலில் 1984 முதல் இலவசப் பயணம். 2024 டிசம்பரில் ஐந்து பேருக்கு ஒருவர் 65 வயதைத் தாண்டியவர் என்ற நிலை வந்தது. "நஷ்டத்தை யார் தாங்குவது?" என்று கேட்கிறார்கள். முதியோர் வயதைப் படிப்படியாக 75 ஆக்கலாம் என்று 2024-ல் கொரிய முதியோர் சங்கத் தலைவரே யோசனை சொன்னார். விட்டுக்கொடுப்பது இரு பக்கமும் நடக்கலாம் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

மூலை இருக்கை

மறுபடியும் ரெயிலுக்கு வருவோம். மூலையில் உள்ள முதியோர் இருக்கை காலியாக இருந்தாலும், வாலிபர்களில் பலர் அதிலே உட்காருவது இல்லை. நின்றுகொண்டே வருவார்கள். 2015 முதல் சியோல் ரெயிலில் கர்ப்பிணிகளுக்கும் இளஞ்சிவப்பு இருக்கைகள் உண்டு.

ஆகவே மரியாதை செத்துவிடவில்லை. அது மூலைக்குப் போய்விட்டது. அவர்களுக்குத்தான் தனி இடம் இருக்கிறதே என்று நடுவில் இருப்பவர் கண்ணை மூடிக்கொள்கிறார். பலகை மாட்டியதும் மனசு ஓய்வு எடுத்துக்கொண்டது!

பழைய மரியாதை வயதைக் கேட்டுக்கொண்டு வந்தது. ஊழியரையும் மருமகளையும் அது மறந்தது. புதிய மரியாதை எல்லோரும் சமம் என்கிறது. களைத்த காலை அது மறந்துவிடக்கூடாது.

இருக்கையை ஒதுக்க அரசாங்கத்தால் முடியும். எழுந்து இடம் கொடுப்பது வாலிபர் கையில் இருக்கிறது. எழுந்தவரைப் பார்த்து, "நன்றி, தம்பி" என்று சொல்வது முதியவர் கையில் இருக்கிறது.